அப்புறம் வரேன்

கடைக்குள் வந்த பெண் நாலைந்து கவுன்களைப் பிரித்துப் பார்த்தாள். "அப்புறம் வரேன்ணே" என்றாள். போய்விட்டாள். அன்றைக்கு வந்த ஒரே ஆள் அவள்தான்.

திண்டுக்கல்லில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருந்த சகாயம், கலைந்து கிடந்ததை மடிக்கக்கூட இல்லை. "இந்த மாசத்தோட மூடணும்போல, ரோஸி."

மனைவி ரோஸ்லின் மடித்தாள். "விளம்பரம் குடுத்துப் பார்ப்போமேங்க."

ஊரில் எல்லார் காதிலும், சொன்ன சொல்லை நிறைவேற்றவைக்கும் சொல்லேவி என்ற கருவி இருந்தது. கழற்றினால் பேருந்தில்கூட ஏற முடியாது. "நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அதுவே நேரம் வாங்கி, ஓட்டுநரில்லாத ஆட்டோவை வாசலில் நிறுத்திவிடும். "பார்க்கலாம்" என்று இழுத்தால் கண்டுகொள்ளாது. மக்கள் விளம்பரம் பார்ப்பதை விட்டு வெகுகாலமாயிற்று. விளம்பர நிறுவனங்கள் இப்போது வியாபாரம் செய்ததெல்லாம் மனிதர்கள் சொன்ன சொற்களை வைத்துத்தான்.

விசாரித்ததில், சென்னை விளம்பர நிறுவனம் சின்னக் கடைகளை எடுப்பதில்லையாம். மதுரைக்காரர்கள் முன்பணம் கேட்டார்கள். 'வாக்கு' என்ற புது நிறுவனம் மட்டும், விற்பதில் பங்கு தந்தால் போதும் என்றது.

"சார், உங்க கடையில 'அப்புறம் வரேன்'னு சொல்லிட்டுப் போனவங்க இருப்பாங்கல்ல?" திரையில் அந்த நிறுவனத்து இளைஞன் கேட்டான்.

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். "சொல்லாதவங்கதான் கம்மி. வேணாங்கிறதை நம்ம ஊர்ல அப்படித்தானே தம்பி சொல்லுவோம்."

"அதான் மேடம். அது சும்மா மரியாதைப் பேச்சு, விட்டுருன்னு சொல்லேவிக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. எங்ககிட்ட பதிஞ்ச இடத்துக்கு அந்த விலக்கு கிடையாது. வரேன்னா வரணும். வந்தா வாங்கணும். பழைய பேச்சுக்கும் சேர்த்துத்தான்."

"இன்னும் ரெண்டு இடத்துல விசாரிப்போங்க" என்று ரோஸ்லின் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"விசாரிக்கிறதுக்குள்ள கடை இருக்காது" என்ற சகாயம் திரையைப் பார்த்து, "சேர்றேன்" என்றான். ஒப்பந்தம் முடிந்தது.

மறுவாரம் கடை வாசலில் ஆட்டோக்கள் வரிசை கட்டின. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணே, அக்காவுக்குத் துணையா வந்து ஒரு வார்த்தை சொன்னேன்" என்று தலையிலடித்துக்கொண்டே ஒரு கல்லூரிப் பையன் குழந்தை ஜட்டி வாங்கிப் போனான். சகாயம் புதுச்சரக்கு இறக்கினான். மகிழ்ந்துபோன 'வாக்கு', அவன் வீட்டையும் இலவசமாகப் பதிந்துகொடுத்தது. வீடுகளைப் பதிவதுதான் அப்போது ஊரெங்கும் பேச்சு. பதிந்த வீட்டில் 'வரேன்' என்று சொல்லிப் போனவர் திரும்பியே ஆகவேண்டும் என்பதால், பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெற்றோர்கள் முண்டியடித்தார்கள்.

ஒரு மத்தியானம் பர்வீன் இறங்கினாள். நிறைமாதமாக வந்து, "பிள்ள பிறந்ததும் வரேன்க்கா" என்று சொல்லிப் போனவள்.

"வாம்மா, என்ன குழந்தை?" ரோஸ்லின் எழுந்து வந்தாள்.

"தங்கலக்கா." பர்வீன் நிமிரவில்லை. "ஆட்டோ வாசலவிட்டு நகரமாட்டேங்குது. காதுலயும் உங்க வாக்கு, உங்க வாக்குன்னே கேக்குது. முடிச்சிரலாம்னு வந்தேன்."

கைக்கு அகப்பட்ட சின்னத் தொப்பியை எடுத்தாள். பணம் பிடிக்கப்பட்ட ஒலி கேட்டதும் அதை மேசையிலேயே வைத்துவிட்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல, 'வரேன்' என்று சொல்லாமல் வெளியேறினாள்.

ரோஸ்லின் அந்தத் தொப்பியை எடுத்துச் சகாயத்தின் முன்னால் வைத்தாள். "இதை நிறுத்திருங்க."

சகாயம் பிரிக்காத பெட்டிகளைப் பார்த்தான். 'நிறுத்துறேன்' என்றால் போதும், அந்த நொடியே ஒப்பந்தம் ரத்தாகிவிடும். நாளைக்கு யார் வருவார்கள்?

"பார்க்கலாம், ரோஸி."

அவள் அவனையே பார்த்தாள். சொல்லேவிக்குப் பிடிபடாத சொல்லாகத் தேடி எடுத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வத்தலக்குண்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவள் பையெடுத்தாள்.

"எப்ப வருவே?"

குனிந்து செருப்பை மாட்டினாள்.

"கோவம் இருக்கட்டும். வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ." அவன் அவள் பின்னாலேயே வாசல்வரை வந்தான். "கறிவேப்பிலை வாங்கப் போனாக்கூடச் சொல்லாமப் போகமாட்டியே."

ரோஸ்லின் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காதில் சொல்லேவி மெல்ல அதிர்ந்து, கேட்கத் தயாரானது.

வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.