ஆற்றங்கரை வீட்டில் பாதி

காபி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தபோது கதவில் முதல் கோடரி வெட்டு விழுந்தது.

"அக்கா, வெளியே வா. வரலைன்னா கதவோட சேர்த்து உன்னையும் பிளந்துடுவேன்."

தம்பி ராதுலேயின் குரல். விதோசவா அடுப்பருகிலேயே நின்றுவிட்டாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பள்ளத்தாக்கு ஊரில் பத்திரம் பதியும் நோட்டரி அலுவலகத்தில் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டியவன் அவன். அப்பா விட்டுப்போன ஆற்றங்கரை வீட்டை, பிளம் தோப்போடும் புல்வெளியோடும் அவன் விற்கிறான். வாங்குவது அவள் கணவன் யாகோஷ். போன வசந்தத்தில் மலை சரிந்து, மலைமேல் அவர்கள் குடியிருக்கும் இந்த வீட்டின் தொழுவத்தைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த மழைக்கு வீடும் நிற்காது. அந்தப் பயத்தில்தான், கடற்கரை ஹோட்டலில் பதினான்கு வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துச் சேர்த்ததையெல்லாம் அவள் கணவன் கையில் கொடுத்திருந்தாள்.

நான்காவது வெட்டில் கதவு பிளந்தது. ராதுலே உள்ளே வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நோட்டரி காலையில போன் பண்ணினா. வீட்டுல பாதி உன் பங்காம். நீயில்லாம விக்க முடியாதாம். எத்தனை நாளா இந்தத் திட்டம், சொல்லு?"

"என்னடா சொல்றே... நான் யாரையும் பாக்கவே இல்லையே."

"பொய் சொல்லாதே. கடற்கரையில வீட்டுக்கு முன்பணம் கொடுத்துட்டேன். இன்னைக்கு மிச்சத்தைக் கட்டலைன்னா எல்லாம் போச்சு. என் பொண்டாட்டி பிள்ளைங்க தெருவுல நிக்கணும். அதானே வேணும் உனக்கு?"

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்த யாகோஷ், மச்சானைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான்.

"நோட்டரிகிட்ட போய்ப் பங்கு கேட்டியா?"

"இல்லீங்க."

"தம்பிகிட்ட பங்கு கேட்ட பொம்பளையோட புருஷன்னு ஊர் என்னைச் சொல்லணுமா?"

பளாரென்று அறை விழுந்தது. அவள் அடுப்பு விளிம்பில் மோதி நின்றாள். உதட்டில் உப்புக் கரித்தது.

அவன் சொன்னது உண்மைதான். அந்தப் பள்ளத்தாக்கில் கூடப்பிறந்தவனிடம் சொத்து கேட்டவளுக்கு யாரும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்பா செத்தபோது அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. விட்டுக்கொடு என்று கேட்டிருந்தால் அன்றே எழுதிக் கொடுத்திருப்பாள். அதுதான் நெஞ்சை அறுத்தது... கேட்காத பங்குக்கு அடி.

"அடிங்க அத்தான், நல்லா அடிங்க. நீங்களும் சேர்ந்து போட்ட நாடகம்தானே இது?" என்றான் ராதுலே.

"நாடகமா? என் வீட்டுக் கதவை வெட்டிட்டு என்னையே நாடகம்ங்கிறியா?"

யாகோஷ் அடுப்பு கிளறும் கம்பியை உருவி வீசினான். ராதுலேயின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நாற்காலி உடைந்தது. கண்ணாடி அலமாரி சரிந்தது. இருவரும் கழுத்தைப் பிடித்துப் புரண்டு எழுந்தார்கள். எழுந்தபோது கோடரி ராதுலேயின் கையில் இருந்தது, ஓங்கியிருந்தது. விதோசவா யோசிக்கவில்லை. நடுவே போய்க் கையைக் குறுக்கே நீட்டினாள்.

கோடரியின் பின்பக்கம் அவள் வலது முன்கையில் இறங்கியது. காய்ந்த கிளை முறிகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றான் யாகோஷ்.

"முதல்ல நோட்டரி," என்றாள் அவள். "மத்தியானம் மூடிடுவாங்க. ஒரு பலகையை வச்சு இந்தத் துணியால கட்டுங்க."

"கை தொங்குதுடி..."

"கட்டுங்கன்னா கட்டுங்க. இன்னைக்கு விட்டா இவனுக்கு வீடு போயிடும்."

வண்டியின் பின்சீட்டில் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு ராதுலே முணுமுணுத்தபடியே வந்தான். "பாவப்பட்டவ வேஷம். எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு திருப்பத்திலும் விதோசவாவின் கையில் எலும்பு எலும்போடு உரசியது.

நோட்டரி தெசான்கா கடற்கரைப் பக்கத்துக்காரி. இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான். மூவரையும் பார்த்து எழுந்தே விட்டாள்.

"கையில என்னாச்சும்மா?"

"கதவு இடிச்சிருச்சு."

"இவர் நெத்தியில?"

"அதே கதவுதான்."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கதவுக்கு எதுக்கும்மா போலீஸ்?"

ராதுலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டினான். "இவ எப்போ உங்ககிட்ட வந்தா? அதை மட்டும் சொல்லுங்க. என்ன எழுதிக் கொடுத்தா?"

"இவங்களை நான் இப்பதான் முதல்முறையா பாக்கிறேன்," என்றாள் தெசான்கா. "சொன்னது நீங்கதான்."

"நானா?"

"நேத்து விவரம் எழுதும்போது உங்கப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டேன். ஒரே பிள்ளைன்னீங்க. கோர்ட் வாரிசுத் தாள்லயும் அப்படியேதான் இருக்கு. வாங்குறவர் சொந்தமான்னு கேட்டேன். 'எங்கக்கா வீட்டுக்காரர்'னீங்க. ஒரே பிள்ளைக்கு அக்கா எப்படி வந்தான்னு நைட்டெல்லாம் யோசிச்சேன். காலையில பிறப்புப் பதிவேட்டைப் பாத்தேன்."

யாகோஷ் தொப்பியைக் கழற்றினான். எத்தனை பிள்ளைகள் என்றால் ஆண்களை மட்டும் எண்ணிச் சொல்வது அந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அப்பாவும் அப்படித்தான் எண்ணினார். கோர்ட்டில் நின்ற ராதுலேயும் ஒளிக்க நினைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு அது பொய் என்றே தோன்றியதில்லை.

"நான்... எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க..." என்றான்.

தெசான்கா ஒரு தாளை நகர்த்தினாள். "விட்டுக்கொடுக்கிறதா இதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே விற்பனையை முடிச்சிடலாம்."

"போடு விதோ," என்றான் யாகோஷ் மெதுவாக.

விதோசவா தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"மாட்டேன். நேத்து கேட்டிருந்தா போட்டிருப்பேன். இன்னைக்கு மாட்டேன். பாதி எங்கப்பன் எனக்கு விட்டதுன்னு எழுதுங்க. மீதிப் பாதியை இவன்கிட்ட நான் வாங்குறேன். பேசின விலை முழுசும் அவனுக்கே."

"பாதிக்கு முழு விலையா?" யாகோஷ் பதறினான்.

"என் காசு. என் கை வெந்து சம்பாதிச்சது. அவன் பிள்ளைங்க தெருவுல நிக்க வேண்டாம். ஆனா பத்திரம் முழுக்க என் பேருலதான். அந்த வீட்டுல யாரும் என்மேல கை ஓங்கக் கூடாது. ஓங்கினா வெளியே போறது நான் இல்லை. சம்மதம்னா வாங்க. இல்லைன்னா மலைமேலேயே இருங்க."

யாகோஷ் தொப்பியைக் கசக்கினான். "வரேன்," என்றான்.

தெசான்கா புதிதாக எழுதினாள். வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "காலமானவரின் பிள்ளைகள் இருவர். விதோசவா, ராதுலே..."

ராதுலே நாற்காலியிலிருந்து சரிந்து அக்காவின் மடியில் முகம் புதைத்தான். "என்னைக் கொன்னுடுக்கா... கையை உடைச்சிட்டேனே... கதவுன்னு சொல்லி என்னைக் காப்பாத்திட்டியே..." நெற்றி ரத்தமும் கண்ணீரும் அவள் பாவாடையில் ஒட்டின. அவள் இடது கையால் அவன் தலையை அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. இவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ...

"மெதுவாடா. கை வலிக்குது," என்றாள். "எழுந்து பேனாவை எடுத்துக் கொடு. இடது கையால எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தாளை நகராம பிடிச்சுக்கோ."

அவன் இரண்டு கைகளாலும் தாளை அழுத்திப் பிடித்தான். கோணல் எழுத்துகளில், ஒவ்வொன்றாக, அவள் தன் பெயரை எழுதினாள்.