கிழிசலில் கிடைத்த சாட்சி

காலை 10.20. மரப்பட்டறைத் தரையில் தச்சர் இடது விலாவைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். ரத்தம் கொஞ்சம்தான், மூச்சுதான் திணறியது.

11.05. ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள்.

"தச்சரோட மைத்துனன்தான் உளியால குத்திட்டான் மேடம்," என்றார் பட்டறை முதலாளி. "காலையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை."

"குத்தினதைப் பாத்தீங்களா?"

"அலறல் கேட்டுத் திரும்பினேன். உளி இவன் கையில இருந்துச்சு."

மைத்துனன் குறுக்கிட்டான். "நான் அந்தப் பக்கம் உளி தீட்டிட்டு இருந்தேன். மாமா பலகை அறுத்துட்டு இருந்தாரு. விழுந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன்."

வட்ட ரம்பத்தை இன்ஸ்பெக்டர் சுற்றிவந்தாள். மேசை, மோட்டார், சுவிட்ச் எங்கும் மரத்தூள் அப்பியிருந்தது. சிராய் தெறிக்காமல் ரம்பத்தை மறைக்கும் காப்பு மூடி மட்டும் பளிச்சென்றிருந்தது.

மதியம் 1.40. ஆஸ்பத்திரி. "உள்ள புருஷன், ஸ்டேஷன்ல தம்பி. நான் யாருக்குன்னு அழுவேன்?" என்றாள் தச்சரின் மனைவி.

3.15. அறுவை மருத்துவர் வெளியே வந்தார்.

"பிழைச்சுட்டார்மா. வயித்தைப் பெரிசாக் கிழிக்கலை. சின்னச் சின்னத் துளை போட்டு, ரோபோ கையை நான் உட்கார்ந்து இயக்கினேன். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் கிழிஞ்சிருந்தது. தைச்சாச்சு."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "கிழிசல்ல மாட்டியிருந்தது. கேமரா பெரிசாக் காட்டலேன்னா தவறவிட்டிருப்பேன்."

உள்ளே, ஒடிந்த மரச்சிராயின் நக நீள முனை.

"தூக்கிப் போடாம எடுத்து வெச்சீங்களே, ரொம்ப நன்றி டாக்டர்."

4.30. பட்டறை.

"குத்தினது யாருமில்ல," என்றாள் இன்ஸ்பெக்டர், முதலாளியிடம். "ரம்பம் தெறிக்கவிட்ட சிராய். வேலை வேகமா நடக்கணும்னு மூடியைக் கழட்டி வெச்சிருந்தீங்க. பையன் வாசலுக்கு ஓடினதும், அவர் விலாவில வெளிய நீட்டியிருந்த மிச்சத் துண்டைப் பிடுங்கி எறிஞ்சுட்டு மூடியை மாட்டினீங்க."

"யாரு சொன்னா?"

"மூடிதான். காலையிலேர்ந்து அறுத்த மெஷின்ல அது மேல மட்டும் தூசி இல்ல. பழியைத் தூக்கி அந்தப் பையன் தலையில போட்டுட்டீங்க. வண்டியில ஏறுங்க."

முதலாளி தலையைத் தொங்கப்போட்டார்.

மாலை 6.10. மைத்துனனை இன்ஸ்பெக்டரே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். தச்சர் மெல்லக் கண் திறந்தார். கட்டிலருகே நின்றவனை உற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?"

அவன் உடைந்து அழுதான். மனைவி இன்ஸ்பெக்டரின் இரு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஈரத்தைத் துடைக்க மனமில்லாமல் இன்ஸ்பெக்டர் படியிறங்கினாள்.