பூச்சியத்தைப் பிடித்தவர்

2011 மார்கழியில், கட்டடக்கலை படிக்க ஒரு செமஸ்டருக்காகப் பாரிஸ் வந்திருந்த ஷிரோமியும் நானும், லா சப்பலில் அம்புறோஸ் அண்ணையின் கடைக்கு மேலே, ஐந்தாம் மாடி அறையொன்றில் குடியிருந்தோம். குடியிருக்கும் அறையை அளந்து வரைவதுதான் எங்கள் கடைசி வேலை.

அண்ணை சிரித்தார். "அளந்தால் பெருக்குமோ பிள்ளையள்?"

பெருக்கவில்லை. சுவர்த் தடிப்பைக் கழித்த பிறகும், வெளியே நடைவழியில் அளந்தால் அறையின் நீளம் நான்கு மீற்றர் முப்பது; உள்ளே மூன்று மீற்றர் அறுபத்தெட்டு. அந்த அறுபத்திரண்டு சென்ரிமீற்றரைப் பற்றி எங்கள் வலைப்பூவில் தினமும் புலம்பினோம். ஆசிரியர் ழான்-லூக் இரண்டு முறை வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கணக்குச் சரிவராவிட்டால் இருவருக்கும் செமஸ்டர் வீண்.

வியாழன் பிற்பகல். மழை இருட்டு.

"இந்த அறை ஒவ்வொரு நாளும் மெலியுதடி," என்றாள் ஷிரோமி.

"நீ மெலிஞ்சால் காணும். பிடி."

அளவு நாடாவின் பூச்சிய நுனியுடன் அவள் அலுமாரிக்குப் பின்னே போனாள். பிடித்ததும் சொல்வாள். நான் எழுதி முடிந்ததும் நாடாவை இரண்டு தரம் இழுப்பாள். விடலாம் என்று அர்த்தம். நான் யன்னலோரம் கொப்பியில் தலை சாய்த்தேன். சற்றே கண் சொருகிவிட்டது.

விழித்து, "பிடிச்சிட்டியா?" என்றேன்.

"பிடிச்சிட்டன்."

தொண்டை கட்டியது போன்ற குரல். ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

நாடா விறைத்தது. நான்கு மீற்றர் முப்பது.

எழுதினேன். சரிவந்துவிட்டது.

கதவு திறந்தது. இரண்டு கோப்பைத் தேநீருடன் ஷிரோமி நின்றாள். "நித்திரை கொண்டனி. எழுப்பேல்லை."

நாடா இன்னும் விறைப்பாகவே இருந்தது.

அலுமாரிக்குப் பின்னே எட்டிப் பார்த்தோம். நாடா சுவருக்குள் போயிருந்தது. சுவரில் ஒரு கீறலும் இல்லை.

இரண்டு தரம் இழுபட்டது. பிறகு தளர்ந்தது.

"அந்த அளவை அழி," என்று கிசுகிசுத்தாள் ஷிரோமி.

மீண்டும் அளக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே வரைந்து கொடுத்தேன். இருவரும் சித்தியடைந்தோம்.

2013இல், அந்த அறைக்கு வந்த புது மாணவி ஒருத்தி வலைப்பூவில் எழுதியிருந்தாள்: "அக்கா, நாங்களும் அளந்தனாங்கள். உள்ளையும் நாலு முப்பதுதான். இடைவெளி ஒண்டும் இல்லையே?"

அப்போது நான் ஊர் திரும்பியிருந்தேன்; வாசித்ததும் வவுனியா வீட்டில் என் அறையை அளந்தேன். அந்த வீடு நானே வரைந்தது. தனியாக இருந்ததால் நாடாவின் நுனியை எதிர்ச்சுவர் ஆணியில் கொழுவினேன்.

என் வரைபடத்தைவிட அறுபத்திரண்டு சென்ரிமீற்றர் குறைந்தது.

களைப்பாக இருந்தது. கொப்பியைத் திறந்து, அந்த அளவை எழுதினேன்.

நாடா இரண்டு தரம் இழுபட்டது.