இன்னும் கொஞ்சம் பின்னாடி...

போன் அலறியது.

காருக்குள்!

கணவர் டிக்கெட் வாங்கக் கோட்டை வாசலுக்குப் போயிருந்தார். சார்ஜரில் செருகிய அவருடைய போன் கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. திரையில் தெரிந்த பெயர்... குட்டி.

அவளுடைய தங்கை!

சிரித்துக்கொண்டே பச்சைப் பொத்தானைத் தொட்டாள். 'என்னடி' என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் கார் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது.

"அத்தான்! முடிஞ்சுதா?"

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன அத்தான், பேச மாட்டேங்கறீங்க? பக்கத்துல ஆள் நிக்குதா? விழுந்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க! நீங்க சொன்ன நேரம் தாண்டிடுச்சு. எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல. பிள்ளைங்களுக்கு நான் போன் பண்ணி அழணுமா... நீங்களே அழுதுடுவீங்களா?"

ஏசி மட்டும் உறுமியது.

"ஹலோ...? அத்தான்...?"

அவளுடைய விரல் இணைப்பைத் துண்டித்தது.

விழுந்தாளா!

அம்மா போன பிறகு தலைவாரிப் பின்னிவிட்டு, காய்ச்சலில் மடியில் போட்டு விடிய விடிய விசிறி, தன் கல்யாணத்தோடு தன் கூடவே அழைத்து வந்த தங்கை. 'அக்கா' என்ற சொல் எங்கே போய்த் தொலைந்தது?

வழியில் டயர் பஞ்சராகாமல் இருந்திருந்தால்... இந்நேரம் முடிந்திருக்கும்!

பின் சீட்டில் கேமரா. எடுத்தாள். ஆன் செய்தாள்.

அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவள் அந்த ஸ்டூடியோவின் டச்சிங் அக்கா. நெகட்டிவ் மேல் குனிந்து, ஊரில் பாதிப் பேரின் மருவையும் தழும்பையும் பென்சில் முனையால் காணாமல் செய்தவள். ஷட்டரை நிரந்தரமாக இறக்கிய அன்று அவர் சொன்னார்...

"இத்தனை வருஷம் இருட்டு ரூம்லயே கிடந்துட்டோம். கிளம்பு! கார்லயே போய் நாலு ஊரைப் பார்ப்போம்."

பழைய அரண்மனை. கல் பாலம். மணிக்கூண்டு. கலங்கரை விளக்கம். கடைசியாக இந்தக் கோட்டை.

ஒவ்வோர் இடத்திலும் அவளை நிறுத்தி, "கொஞ்சம் பின்னாடி... இன்னும் கொஞ்சம்... போதும்!" என்பார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. முதன்முதலாக அவர் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ளப் போனபோதும் அதே வார்த்தைகள்தான். அந்தப் 'போதும்' அவ்வளவு கனிவாக இருந்தது. அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அவள் முகம் மங்கலாக இருந்தது. எல்லாப் படத்திலும்!

பின்னால் இருந்த கைப்பிடிச் சுவர், துருப்பிடித்த கம்பி, அதற்கப்பால் பள்ளம்... ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு விரிசலும் துல்லியம்!

ஃபோகஸ் தவறுகிற ஆள் இல்லை அவர்.

அவர் அவளைப் படமே எடுக்கவில்லை. விளிம்பை எடுத்திருக்கிறார்!

கார்க் கதவு தட்டப்பட்டது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? இறங்கு. மேற்குக் கொத்தளத்துக்கு ஏறணும். நல்ல வெளிச்சம் போயிடும்."

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேங்க."

"இப்பவா? நீயும் உன் பாத்ரூமும்! கோட்டையைப் பிடிக்க வந்த படை எல்லாம் உனக்காக நின்னுக்கிட்டிருந்தா, ராஜா இன்னும் மேலேயே உக்காந்திருப்பாரு."

வழக்கமான கேலி. வழக்கமான சிரிப்பு. எத்தனையோ முகங்களின் குறையை அழித்தவளுக்கு, இந்த ஒரு முகத்தை யாரும் கேட்காமலே தான் டச் செய்துகொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காக... தினமும்!

கழிவறைக்குப் பின்னால் போய் நின்றாள். மேற்குச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். நெகட்டிவைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி... வெகுநேரம்.

பிறகு, அங்கே பலகையில் எழுதியிருந்த அவசர உதவி எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"கோட்டை புறக்காவல் நிலையம். சொல்லுங்க."

"மேடம், மேற்குக் கொத்தளத்துல என்னை விழ வைக்கப் போறாங்க. லைனைக் கட் பண்ணாதீங்க. கேட்டுக்கிட்டே மேல வாங்க."

"என்னது? யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப ஏறாதீங்க! நான் வர்ற வரைக்கும் கீழேயே நில்லுங்க! அம்மா... அம்மா!"

அவள் போனை அணைக்காமல் ஹேண்ட்பேக்கில் போட்டாள்.

நின்றிருக்கலாம். ஓடியும் இருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். குட்டி ஆயிரம் திட்டம் போடட்டும். கடைசி நொடியில் அவர் வாயில் அந்தப் 'போதும்' வராமலா போய்விடும்?

வந்துவிட்டால்... மன்னித்துவிடுவாளோ? அந்தப் பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கொத்தளத்தின் உச்சி. காற்று சேலையை இழுத்தது. இடிந்த மேற்குச் சுவரில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு வாய். எதிர்ப்பக்கம், தடுப்பே இல்லாமல் உள்முற்றத்துப் பள்ளம்.

"எவ்வளவு கரெக்டா வந்தீங்க! முன்னாடியே வந்திருக்கீங்களோ?"

"நானா? நான் எங்க வந்தேன்! ஹேண்ட்பேக்கைக் குடு. போட்டோல அசிங்கமா தெரியும்."

கொடுத்தாள். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கேமராவை உயர்த்தினார்.

"கொஞ்சம் பின்னாடி."

நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தாள். குதிகாலுக்கடியில் கல் உதிர்ந்தது.

"போதுமாங்க?"

"மலை வரணும்மா. இன்னும் கொஞ்சம்."

"என்னங்க... போதுமா?"

கேமராவுக்குப் பின்னால் அவர் கண் தெரியவில்லை. விரல் தெரிந்தது. அது பொத்தானின் மேல்கூட இல்லை!

"இன்னும் கொஞ்சம்."

"சரிங்க" என்றாள்.

பின்னால் காலை வைத்தாள்.

அந்த இடம் காலியாக இருந்தது!

அவர் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குத் துணிவில்லை. போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும்போல ஸ்பீக்கரைப் போட்டார்.

"குட்டி... முடிஞ்சுது."

"அப்பாடா! கத்தினாளா?"

"இல்ல. 'சரிங்க'ன்னுட்டுப் போயிட்டா."

"நல்லவ அத்தான் அவ. எனக்கு அழுகையே வந்துடும்போல இருக்கு."

"அழு, அழு. அதான் வேணும். நீ அழற அழுகையைப் பார்த்து, 'சித்தி, அப்பாவை நீங்கதான் பார்த்துக்கணும்'னு பிள்ளைங்களே சொல்லணும். வைக்கறேன். இப்ப நான் கத்தப் போறேன்."

"அத்தான், ஒண்ணு கேக்கணும். முதல்ல நான் பண்ணப்போ ஏன் பேசாம வச்சுட்டீங்க?"

"முதல்லயா? நீ எப்ப பண்ணினே?"

"அரை மணி முன்னாடி! எடுத்தீங்களே!"

அவர் கழுத்தில் வேர்வை குளிர்ந்தது. அரை மணி முன்னால்... போன் கார்ல இல்ல இருந்தது...

படிகளில் காலடி ஓசை! யோசிக்க நேரமில்லை.

"ஐயோ...! என் ராசாத்தி! யாராவது வாங்களேன்!"

சுற்றுலா வந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர். கூடவே ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டரின் காதில் போன்.

"மேடம்! சொல்லச் சொல்லக் கேக்காம பின்னாடியே போயிட்டா மேடம்! என் கண்ணு முன்னாடியே...!"

"அழுது முடிச்சிட்டீங்களா சார்?"

"என்ன மேடம், இரக்கமே இல்லாம...!"

"உங்க தோள்ல தொங்குதே, அது யார் பை?"

"அ... அவளோடதுதான்."

"அதுக்குள்ள ஒரு போன் ரொம்ப நேரமா என்கூடப் பேசிட்டிருக்கு. நான் இப்ப கத்தப் போறேன்னு சொல்லிட்டுக் கத்தின முதல் ஆள் நீங்கதான்!"

அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

இடிந்த சுவரின் வாயில்... ஒரு கை!

வெள்ளை வெளேரென்ற கை. பிறகு வெள்ளை முடி. வெள்ளை முகம்!

கூட்டம் அலறியது.

"பார்த்தும்மா, பார்த்து... காலை ஏணியில ஊணுங்க" என்றது கீழிருந்து ஒரு குரல்.

சுவரின் வெளிப்பக்கம் மராமத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். விளிம்புக்கு ஓர் ஆள் உயரம் கீழே பலகை. கழிவறைக்குப் பின்னால் நின்று அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது அதைத்தான். பலகை நிறையச் சுண்ணாம்பும் மணல் மூட்டைகளும். அவற்றுக்கு நடுவே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த ஒரு கொத்தனார். குட்டியோடு இவர் முன்பு இடம் பார்த்துவிட்டுப் போனபோது அந்தச் சாரம் இல்லை. இன்று அவர் லென்ஸைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"திடீர்னு மேல இருந்து வந்து விழுந்து, உஸ்ஸுன்னு வாயில விரலை வச்சுட்டாங்க மேடம். என் சோறு பூரா சுண்ணாம்பு!" என்றார் கொத்தனார்.

அவள் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"நீ... நீ எப்படி..."

அவர் பின்னால் நகர்ந்தார்.

அவள் அவரையே பார்த்தாள். மரு, தழும்பு, பொய், பயம்... முதன்முதலாக டச்சிங் இல்லாத முகம்.

இன்னும் ஓரடி பின்னால். பார்வை அவள்மேலேயே இருந்தது. அவருக்குப் பின்னால் உள்முற்றத்துப் பள்ளம். அந்தப் பக்கம் சாரமும் இல்லை. மணலும் இல்லை!

இன்ஸ்பெக்டர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இல்லை.

இன்னும் ஓரடி...

அவள் எதுவுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் ஆயிற்று. அவர் நின்றதைப்போல!

குட்டியின் குரல் காதில் ஒலித்தது. விழுந்தாளா... விழுந்தாளா...

"போதும்!" என்று கத்தினாள். "நில்லுங்க!"

அவர் நின்றார். குதிகால் பள்ளத்தின் மேல் தொங்கியது. கான்ஸ்டபிள் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

விலங்கு பூட்டும் ஓசை. அவர் போன் மறுபடியும் அடித்தது. திரையில் குட்டி!

"இதை நான் பேசிக்கறேன்" என்று வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர், அவள் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"இவ்வளவு துரோகம் பண்ணின ஆளைக் காப்பாத்த உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் கணவரின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். சுண்ணாம்பைத் தட்டினாள். தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மனசா? நீங்க வேற மேடம்... என் ஹேண்ட்பேக் அவர் தோள்ல இல்ல தொங்கிட்டிருந்துச்சு!"