நாற்பத்தொன்றாவது கோயில்

'இந்த மலையில் மனிதர்களைவிடத் தெய்வங்களே அதிகம். அவற்றின் மௌனத்தில் ஆயிரம் ஆண்டுகள் உறைந்து கிடக்கின்றன' என்று தன் அறிக்கையின் முதல் வரியில் தொல்லியல் ஆய்வாளர் எழுதியிருந்தார். மனிதர்களை அவர் எண்ணவேயில்லை. கோயில்களை நாற்பதுவரை எண்ணினார். நாற்பத்தொன்றாவதை விடுதி அறைக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

நாற்பத்தொரு பழங்கோயில் இருந்தால்தான் ஊரைப் புராதனப் பட்டியலில் ஏற்றுவார்கள். ஊர் ஏறினால் ஆய்வாளரும் பதவியில் ஏறுவார். இரண்டும் நடந்தன. மூன்று வருடம் நிம்மதியாகப் போனது. இப்போது புதிதாக வந்திருக்கும் இயக்குநர் அறிக்கைகளைப் படிக்கிற ஆபத்தான ரகம். நாற்பத்தொன்றுக்கும் புகைப்படம் கேட்டுவிட்டார். ஆகவே அந்தக் கோயிலை மண்சரிவில் அழித்துவிடுவது என்று முடிவு செய்து, அதற்கான சான்றிதழைத் தானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ஆய்வாளர் மலையேறினார். ஊராரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். கிடைக்காவிட்டால் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச கோயில்" என்று இரண்டு பக்கத்து உறவிலும் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கும் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஊர்க் கோயில்களின் சாவிகள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்தன. முன்னறைச் சுவரில் ஒரு பலகை, கோயிலுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. சாவிக்காரம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற நேரத்தில் ஆய்வாளர் சும்மா இருக்கமாட்டாமல் ஆணிகளை எண்ணினார். வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை. அதற்குக் கீழே, தனியாக, இன்னொன்று. அதில் தொங்கிய சாவியில் மட்டும் துரு இல்லை.

"மண்சரிவா? எப்ப சார்?" சாவிக்காரம்மா காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"போன மழையிலம்மா."

"நேத்துகூட விளக்கு வெச்சிட்டு வந்தேனே!"

"அது வேற கோயிலா இருக்கும்."

"வேற ஏது சார்? நீங்க எழுதினப்புறம்தான் மேல அப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரிஞ்சுது. பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான இருக்கே, கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சுன்னு என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் சிரிச்சார்." அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "நீங்க பார்த்ததுதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பார்த்தேன்," என்றார் ஆய்வாளர்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மூடுபனி மலையைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. படிக்கல் ஒவ்வொன்றும் காலடிக்கு வந்த பிறகே கண்ணுக்குத் தெரிய, ஈரப் பாசியும் பழைய எண்ணெயும் வௌவால் எச்சமும் கலந்த வாடை இரண்டு பக்கத்துச் சிறு கோயில்களின் இருட்டிலிருந்து மூச்சுப்போல வந்து முகத்தில் பட, முன்னே போன சாவிக்காரம்மாவின் இடுப்பில் சாவி ஒற்றைச் சத்தமாகக் கிணுங்கிக்கொண்டே போனது. முன்பு ஆய்வுக்கு வந்தபோது அட்டைப்பூச்சிக்குப் பயந்து அவர் திரும்பிய வளைவு வந்தது. அங்கே பாதை முடிந்திருந்தது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது முடியவில்லை.

மூன்று படி. தாழ்ந்த வாசல். வடக்குப் பார்த்த கதவு. எல்லாம் எழுதியபடி.

"உள்ள போங்க சார். ஒருத்தர் நிக்கத்தான் இடம்னு எழுதியிருக்கீங்க, நான் வெளியில நிக்கறேன்."

உள்ளே குனிந்து நுழைந்ததும் சோப்பு வாசனை அடித்தது.

கருவறை நீளம் ஒன்பதடி, அகலம் ஐந்தடி. படிவத்தில் எதையோ எழுத வேண்டுமே என்று அன்று விடுதியின் குளியலறையை டேப் வைத்து அளந்து எழுதியிருந்தார். இதோ, அதேபோல உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். மூலையில் தண்ணீர் போகிற துளை. சுவரில், முழங்கால் உயரத்தில், குழாய் இருந்த இடத்தில் கருங்கல்லில் செதுக்கிய ஒரு குழாய். அதைத் திறக்க முடியாது. ஆனால் சொட்டிக்கொண்டிருந்தது.

கோடியில் சுவரையொட்டி ஒரு பீடம். காலி.

"மூலவர் எங்கம்மா?" தன் குரல் எலிக்குரலாக இருப்பது அவருக்கே கேட்டது.

"இன்னும் வரலை சார். அளவு கொடுத்தவர் வருவார்னு பூசாரி சொல்லிட்டே இருக்கார்."

"எந்தப் பூசாரி?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! தினப்படி பூசை உண்டுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

மூலவருக்கும் அளவு வேண்டியிருந்தது. நின்ற கோலம் என்று எழுதிவிட்டு, குளியலறைக் கதவில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டுத் தன்னையே அளந்துகொண்டார். மார்பு, தோள், பாதம். அன்று அதை நினைத்துச் சிரித்தபடி தூங்கினார்.

பீடத்தில் இரண்டு பாதக் குழிகள். ஒன்றில் கட்டைவிரல் சற்றே வெளியே வளைந்திருந்தது. அவருடையதுபோல.

பீடத்துக்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். மரியாதையான இருமல். அலுவலகத்தில் கோப்போடு வந்து நிற்பவர்கள் இருமுவதுபோல.

"அளவெல்லாம் நேர்ல பார்த்துத்தானே சார் எழுதினீங்க?"

முகம் தெரியவில்லை. இருட்டு மட்டும் கொஞ்சம் கனமாக நின்றது. வாசலுக்கு மூன்றே எட்டுத் தூரம். பொய் என்று சொன்னால் அது விட்டுவிடும் என்பது, எப்படியோ, ஆய்வாளருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். வாசலில் சாவிக்காரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி. உறவு. இயக்குநர்.

"நேர்லதான்," என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டும் சத்தம். படியிறங்கும் சத்தம். பிறகு சொட்டு. சொட்டு.

பாதங்கள் குழியில் இருந்தன. அவர் ஏறவில்லை. ஆனாலும் இருந்தன. கச்சிதமாக. முதுகில் சுவர். கல். குளிர். கணுக்கால்களை இரண்டு கைகள் பிடித்தன. தாடைக்குக் கீழே இன்னும் இரண்டு. உலர்ந்த, பொறுமையான கைகள். உச்சந்தலையில் டேப்பின் தகரமுனை தொட்டது.

"கொஞ்சம் பத்தலையே," என்றது குரல்.

கைகள் இழுக்கத் தொடங்கின.

படிவத்தில் உயரம் ஐந்தடி ஏழங்குலம் என்று கூட்டி எழுதியிருந்தார். ஆய்வாளரின் உயரம் ஐந்தடி ஐந்து.