விழித்திருந்த பாதி

மினுங்கக் கூடாத பக்கம் மினுங்கியது. மதியச் சாப்பாட்டைத் தொடாமலே வந்து, மைக்ராஸ்கோப் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்த அக்காவுக்கு, முதலில் தன் கண்ணில்தான் கோளாறு என்று பட்டது.

செல் வளர்க்கும் தட்டின் ஒரு பாதியில் தம்பியின் தோல் செல்கள். மறுபாதியில், ஒப்பிட்டுப் பார்க்க, அவளுடையவை. நல்ல தோல் கிடைக்காத நாட்களில் வேலை செய்பவர்களே தங்கள் கையிலிருந்து கடுகளவு கொடுப்பது அந்த மருத்துவமனை ஆய்வகத்தின் வழக்கம். தீப்புண்ணுக்கு எதிராகக் கிளம்பும் மரபணுக்கள் விழித்திருந்தால் செல் பச்சையாக ஒளிரும், உறங்கினால் இருட்டு. அவை உறங்கினால்தான், தீ தொடாத தொடையிலிருந்து எடுத்து வளர்த்த தோலை அவன் மார்பில் பதிக்கலாம். இரண்டாவது முறை பதிக்க அவன் உடம்பில் நல்ல தோல் மிச்சமில்லை.

“என் சட்டையவே ஒழுங்கா மடிச்சதில்ல, தோலை எங்க பாத்துக்கப் போற” என்று கட்டுக்குள்ளிருந்து கேலி செய்திருந்தான்.

நேற்று அவன் பாதி இருண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தன் பாதியைப் பார்க்காமலே, அடங்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டாள். இன்று காலை அறுவை மருத்துவர் தோலைப் பதித்துவிட்டார்.

இப்போது, தீயையே அறியாத அவளுடைய பாதி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

எழுந்தாள். உட்கார்ந்தாள். கழுவிய கையை மறுபடி கழுவினாள். செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி, சுரம் கண்டவர் முனகுவதுபோல் விட்டு விட்டு முனக, அதன் கதவிடுக்கிலிருந்து வெதுவெதுப்பான, லேசான இனிப்பு வாடை கழுத்தைச் சுற்றிக்கொள்ள, அவள் தட்டை எடுத்து, ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

தட்டின் வெட்டுமூலை இடப்பக்கம் இருந்தது. மூடியின் வெட்டுமூலை வலப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் பொருந்தி இருக்க வேண்டியவை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: மூடியில் எழுதாதே, மூடி திரும்பும். பாய்லர் வெடித்து அவனைத் தூக்கி வந்த அன்று, அவசரத்தில், எந்தப் பாதி யாருடையது என்று அவள் மூடியில்தான் எழுதியிருந்தாள்.

இருண்டது அவளுடைய பாதி. விழித்திருந்தது அவன் பாதி.

மருத்துவருக்குப் போன் செய்தாள். இன்னொரு அறுவையில் இருக்கிறார், பத்து நிமிடத்தில் வருவார், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. படியேறி ஓடினாள். மயக்கம் தெளிஞ்சதுலேருந்து ஒரே கிண்டல்தான் உங்க தம்பி என்று சிரித்தபடி நர்ஸ் கடந்து போனாள்.

வார்டில் வெயில். திரை அசையவில்லை. தம்பி கண்மூடிக் கிடந்தான்.

மார்புக் கட்டின் ஓரம் மேடாகியிருந்தது. தாழ்ந்தது. மறுபடி மேடானது. அவன் மூச்சோடு சேராமல்.

தொட வேண்டாம் என்றார்கள். நினைவிருந்தது. கையுறை இல்லை. அதுவும் தெரிந்தது. துணியின் நுனியைத் தூக்கினாள்.

புதுத் தோலின் விளிம்பு சுருண்டிருந்தது. சூட்டுக்குப் பயந்து இழுத்துக்கொள்ளும் கைபோல. அவன் உடம்பையே நெருப்பென்று எண்ணியதுபோல. இழை இழையாகப் புண்ணை விட்டு விலகியது. வந்துகொண்டிருந்தது. அவள் விரலை நோக்கி.

குளிர்ச்சியாக இருந்தது. ஈரமாக. விரல் நுனியில் ஏறியது.

இழுத்தாள். கூடவே வந்தது.

தம்பி நீளமாக மூச்சு விட்டான்.

“இப்பதான்க்கா எரிச்சல் நின்னுச்சு. கைய எடுக்காத.”

அவன் மார்பு செக்கச்செவேலென்று திறந்து கிடந்தது. அவள் மணிக்கட்டைச் சுற்றி, மடிப்போ விளிம்போ தெரியாமல், அவன் தோல் படிந்துகொண்டிருந்தது.