ஏழாம் நம்பர் மண்வெட்டி

பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவன் மரக்காணத்து உப்பளத்தை உச்சி வெயிலில் பார்த்திருக்க மாட்டான். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. ஈ, காக்கா இருக்காது. அப்படியொரு நேரத்தில்தான் ரேணுகா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, சாலைப் பராமரிப்பு வாரியத்தின் பழைய கொட்டகைக்குள் நுழைந்தாள்.

வாரியத்துக்கு ஐம்பது வயது. பொன்விழா மலர் போடுகிறார்கள். வரலாறு எழுதுகிற வேலை ரேணுகா தலையில் விழுந்தது. பதினொரு வருஷமாக ஒப்பந்தத்தில் குப்பை கொட்டுகிறவள் அவள். "நல்லபடியா எழுதிக் குடும்மா, உன்னை நிரந்தரம் பண்ற ஃபைல்ல அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று தலைமைப் பொறியாளர் பஞ்சநாதன் சொல்லியிருந்தார். இது தவறினால் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

முதலில் பத்துப் பேர், ஒரு தார் அடுப்பு, ஒரு ரோடு ரோலர். அப்புறம் பிரிவு, கோட்டம், வாரியம் என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. மாறாதது கருவிப் பதிவேடு ஒன்றுதான். காலையில் ஆளுக்கொரு நம்பர் போட்ட மண்வெட்டி கொடுப்பார்கள். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்து ரேகை வைக்க வேண்டும். மண்வெட்டி வந்தால்தான் ஆள் வந்ததாக அர்த்தம்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மழைநாளின் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'எண் 7. மாயவன். திரும்பவில்லை. கருவியுடன் ஓடிவிட்டான்.'

கீழே பஞ்சநாதனின் கையெழுத்து. அப்போது அவர் இளம் பொறியாளர்.

மாயவனை ரேணுகா பார்த்ததில்லை. அவன் மனைவி சாலம்மாளைத் தெரியும். உப்பு வாரி வாரி விரல்களெல்லாம் வெடித்துப்போன கிழவி. மாதம் ஒருமுறை அனுமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்து ஆபீஸ் வாசலில் நிற்பாள்.

"அவரு ஓடலம்மா. மதகு உடைஞ்சுக்கிச்சு, அடைக்கப் போனாரு. மம்மட்டி திருடிக்கினு ஓடிட்டான்னு எழுதி வச்சிட்டாங்க. செத்துட்டாருன்னு ஒரே ஒரு வரி எழுதும்மா. நான் திருடன் பொண்டாட்டியா சாவக்கூடாது."

"எழுதறேன்மா" என்று அவள் கையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள் ரேணுகா.

எழுதியும் கொடுத்தாள். மறுநாள் அந்த ஒரு வரியைப் பஞ்சநாதன் பேனாவால் அடித்தார். மலரின் அட்டைக்குப் படம் எடுக்க வேண்டுமென்று அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, உப்பளத்துக்கு நடுவே அதே மதகுக்குப் போனார். புதுத் தார் போட்டிருந்தார்கள். ஆட்கள் சாப்பிடப் பனைமரத்தடிக்குப் போயிருந்தார்கள். ரோடு ரோலர் அணைந்து நின்றது. டிரைவர் சீட் காலி.

"ஐம்பது வருஷத்துல ஒரு தொழிலாளிகூட வேலையில சாகலை. அப்படித்தான் வரணும். புரியுதா?"

ரேணுகா தலை குனிந்தாள். சாலம்மாளின் வெடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. ஃபைலும் நினைவுக்கு வந்தது.

"சரிங்க சார்."

ணங்.

ரோட்டுக்கு அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். இரும்பு கல்லில் படுகிற சத்தம்.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்ல. நீ படத்தை எடு" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

ணங். ணங்.

தார் வாசனைக்குள் சேற்று வாடை ஏறியது. முப்பது வருஷம் மூடிக் கிடந்த சேறு. அவர் நின்ற இடத்தில் தார் கொப்பளித்தது. அதைக் கிழித்துக்கொண்டு மண்வெட்டியின் வாய் மேலே வந்து, அவர் கெண்டைக்காலை எலும்புவரை வெட்டியது.

ஐயோ, அந்த அலறல்! ரேணுகாவின் கையிலிருந்து செல்போன் விழுந்தது. காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைத் தார் இடுப்புவரை உள்ளே இழுத்தது. ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ரோலர் நகர்ந்தது.

எஞ்சின் ஓடவில்லை. சீட்டில் ஆள் இல்லை. ஆனாலும் நகர்ந்தது.

"இழும்மா! விட்டுடாத!" அவர் கதறினார். "உயிரோடதான் இருந்தான்! உள்ள மாட்டிக்கினு கத்தினான்... மந்திரி கார் வர்ற நேரம்... நான்தான் ஜல்லியைக் கொட்டச் சொன்னேன்... மாயவா, விட்டுடுறா..."

இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல இழுத்தாள். சக்கரம் அவர் முதுகில் ஏறியது. எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவது அவள் உள்ளங்கைவரை அதிர்ந்தது. வாயிலிருந்து ரத்தமும் தாரும் சேர்ந்து வந்தன. மண்வெட்டி ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

ரேணுகா மல்லாக்க விழுந்தாள்.

கையில் அவர் கை இருந்தது. மணிக்கட்டுவரைக்கும்தான்.

எதிரே ரோடு வழவழவென்று கிடந்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை.

போலீஸ் இரண்டு நாள் தோண்டியது. உப்புத் தண்ணீர்தான் ஊறியது. இயந்திர விபத்து, உடல் மதகு வழியாகக் கழிவெளி ஏரிக்குப் போயிருக்கும் என்று எழுதி மூடினார்கள். அவர் இடத்துக்கு வந்த வெங்கடாசலம் மலரின் கடைசி அச்சுப்படியைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த 'ஒரு தொழிலாளிகூட சாகலை' வரி இருக்கட்டும்மா. பஞ்சநாதன் சார் அதிகாரிதானே, தொழிலாளி இல்லையே. ஏம்மா, கையெழுத்துப் போடலையா? உன் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

நடந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். அந்தக் கதறலைக் காதால் கேட்டவளும் அவள்தான். என்ன செய்ய? பதினொரு வருஷம். அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் சாலம்மாள் நின்றிருந்தாள். "எழுதினியாம்மா?"

கிழவிக்குப் படிக்கத் தெரியாது. "எழுதிட்டேன்மா" என்றாள் ரேணுகா. சாலம்மாள் அவள் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "நீ நல்லாருக்கணும் தாயி" என்றாள். ரேணுகா கைகளை உருவிக்கொண்டாள்.

நிரந்தர உத்தரவு வந்த அன்று, உச்சி வேளையில், சாப்பிட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். மேசையில் கருவிப் பதிவேடு விரிந்து கிடந்தது. கொட்டகையில் பூட்டி வைத்திருந்த அதே பதிவேடு. தாள் ஈரமாக இருந்தது, ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

மாயவனின் வரிக்கு நேரே 'திரும்பியது' என்று இருந்தது. பக்கத்தில் தாரில் வைத்த கட்டைவிரல் ரேகை.

அதற்குக் கீழே மை காயாத ஒரு புது வரி. இன்றைய தேதி.

'எண் 7. ரேணுகா.'

'திரும்பியது' என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. ஓடலாம் என்று நினைத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அவள் நாற்காலிக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரைக்கு அடியில், ணங் என்றது.